அசல் பிஸ்டன்

கோயம்புத்தூர் மில் முதலாளி தேவசிகாமணிக்கு ஒரு பழைய கார் இருந்தது; அதைவிடப் பெரிய வாய் இருந்தது. அந்தக் காரின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் ஆறுக்குட்டியிடம், கார் சங்கத்து நண்பர்களோடு வந்து அதட்டினார்.

"தாத்தா காலத்து பிஸ்டன் நாலும் அப்படியே திரும்ப உள்ளே போகணும். புதுசு மாட்டினே, உன் பட்டறைப் பக்கம் ஒரு கார் வராது!"

"தேஞ்சு போச்சுங்க. போட்டா புகை கக்குமுங்க."

"எனக்கே பாடமா? அசலைத் தொட்டாலே எனக்குத் தெரியும்."

ஆறுக்குட்டி உள்ளே போய் இரண்டு பிஸ்டன்களோடு வந்தான். ஒன்று பளபளத்தது. இன்னொன்றில் கரி எண்ணெய் வழிந்தது.

"எதுங்க அசல்?"

முதலாளி கரி பிடித்ததைத் தடவினார், மோந்தார், கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்! அந்த மினுக்கியைக் குப்பையில போடு."

"அப்ப இதையே மாட்டட்டுங்களா?"

"மாட்டு! நாலும் இதே மாதிரி இருக்கணும்."

"சரிங்க" என்று ஆறுக்குட்டி எண்ணெயைத் துடைத்தான். உள்ளே பீளமேட்டு வார்ப்படப் பட்டறையின் முத்திரை, இந்த வருஷத் தேதியோடு தெரிந்தது. சங்கத்து நண்பர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"மத்த மூணும் நாளைக்கு வந்துருமுங்க. உங்க தாத்தா பிஸ்டனைத்தான் பெட்ரோல்ல கழுவி வெச்சிருந்தேன். குப்பையில போட மனசு வரலீங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா?"