ராஜாவின் வாய் இடம் மாறிய நாற்பத்தெட்டு நாள்

முன்னொரு காலத்தில் எறும்புக்குப் பயந்த ராஜா ஒருவர் இருந்தார். பெயர் உலகுடைய பூபதி. எதிரியின் யானைப் படை வந்தபோதுகூட அசையாத மனிதர், ஒருநாள் காலையில் தாம் சிறுநீர் கழித்த வெள்ளிக் குடுவையைச் சுற்றி எறும்புகள் வரிசை கட்டி நிற்பதைக் கண்டதும் வெலவெலத்துப் போனார்.

அரண்மனை வைத்தியர் அம்பலவாணர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

“மன்னா, இது நீரிழிவு. தங்கள் இரத்தத்தில் இனிப்பு ஏறிவிட்டது. ஓயாத தாகம், பகல் தூக்கம், கண் மங்கல் எல்லாம் இதனால்தான்.”

கண் மங்கல் என்றால் லேசான மங்கல் இல்லை. போன வாரம்தான் கொலுமண்டபத்துத் தூண் ஒன்றைப் படைத்தளபதி என்று நினைத்துக் கட்டித் தழுவி, மாலை போட்டு, வீரமார்த்தாண்டன் என்று பட்டமும் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் அந்தத் தூணுக்கு வணக்கம் சொல்லாமல் யாரும் சபைக்குள் நுழைய முடியவில்லை.

“இதற்கு வழி என்ன, வைத்தியரே?”

“லட்டையும் அக்காரவடிசிலையும் விட வேண்டும். அளவாக உண்ண வேண்டும். வெந்தய நீரும் பாகற்காய்ச் சாறும் குடிக்க வேண்டும். நாள்தோறும் நடக்க வேண்டும்.”

“யார்?” என்று கேட்டார் ராஜா.

“தாங்கள்தான், மன்னா.”

சபையே திடுக்கிட்டது. அந்த நாட்டில் ராஜா எதையும் தாமே செய்யும் வழக்கம் கிடையாது. அவர் கொட்டாவி விட்டால் சொடக்குப் போட ஒருவர். முதுகு சொறிய ஒருவர். அவருக்குக் கோபம் வந்தால் பல்லைக் கடிக்கவும் ஒருவர் இருந்தார். பாவம், அந்த மனிதருக்கு மூன்று பல்தான் மிச்சம்.

“முதுகு சொறிய ஆள் இருக்கும்போது பத்தியம் இருக்க மட்டும் ஆள் கிடைக்காதா?” என்றார் ராஜா.

இதைக் கேட்டதும் பிரதானி அகோரலிங்கம் துள்ளி எழுந்தார். விகடம் செய்யும் மருதையன் வாயைத் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தாம் வாயைத் திறந்தால் ராஜா தூங்குகிறார் என்று அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

“மன்னா, தங்கள்மீது மருதையனுக்கு உள்ள பக்தி ஊரறிந்தது. அவனே தங்களுக்காகப் பத்தியம் இருக்கட்டும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதற்குள் எறும்பு விலகாவிட்டால், அவன் ஒழுங்காகப் பத்தியம் காக்கவில்லை என்று பொருள். தலையை வாங்கிவிடலாம்.”

ராஜாவுக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. லட்டும் உண்டு, நோயும் போகும். கசக்குமா?

மருதையன் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். லட்டை ராஜா தின்னும்வரை எறும்பு எங்கே போகும்? தலைக்கு நாள் குறித்தாயிற்று. பயத்தோடு பயமாக, தூணைக் கட்டிக்கொண்டு நின்ற ராஜாவை நினைத்து அவனுக்கு வருத்தமாகவும் இருந்தது. அவன் அவரை உண்மையாகவே நேசித்தான்.

“அடியேன் பாக்கியம், மன்னா. ஆனால் ஆணை ஓலையைப் பிரதானியாரே தம் வாயால் சொல்லி எழுத வைக்கட்டும். பின்னால் நான் ஏமாற்றினேன் என்ற பேச்சு வரக்கூடாது.”

அகோரலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “நாற்பத்தெட்டு நாளும் மருதையன் வாயே மன்னரின் வாய். மருதையன் கால்களே மன்னரின் கால்கள். இதை மீறுபவர் யாராயினும் தலை உருளும்.”

ராஜமுத்திரை விழுந்தது. முத்திரை விழுந்த ஆணையைக் கெடு முடியும்வரை ராஜாவே மாற்ற முடியாது. பறையறைந்து ஊருக்கும் சொல்லியாயிற்று.

மறுநாள் காலை ராஜா பந்தியில் அமர்ந்தார். பன்னிரண்டு லட்டு அடுக்கிய தங்கத் தட்டு வந்தது. வந்து, அவர் மூக்குக்கு முன்னால் கடந்து, எதிரே சம்மணம் போட்டிருந்த மருதையனிடம் போயிற்று.

“டேய், தட்டு இங்கே!” என்று கத்தினார் ராஜா.

சமையல் தலைவன் கும்பிட்டான். “மன்னரின் வாய்க்குத்தானே மன்னரின் உணவைப் படைக்க வேண்டும், பிரபு? மன்னரின் வாய் அங்கே இருக்கிறதே!”

மருதையன் லட்டுகளைத் தொடாமல் திருப்பி அனுப்பினான். “மன்னரின் வாய் பத்தியத்தில் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு பாகற்காய்ச் சாற்றைக் குடித்தான்.

“அப்படியானால் இது யார் வாய்?” ராஜா தம் வாயைத் தொட்டுக் காட்டினார்.

“அது அடியேனுடையது, மன்னா. அதற்குச் சோறு போடுவது என் மனைவி செங்கமலம். வீடு மேற்குக் கோட்டை வாசலுக்கு வெளியே.”

ராஜா பல்லக்கைக் கூப்பிட்டார். தூக்குகிறவர்கள் காலில் விழுந்தார்கள். மருதையனின் கால்களுக்குப் பல்லக்கு ஏறும் உரிமை இல்லையே, ஏற்றினால் தங்கள் தலை போய்விடுமே என்று அழுதார்கள். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பல் கடிக்கும் ஆசாமி கடித்துப் பார்த்தார். பசி அடங்கவில்லை.

ராஜா நடந்தார். கொஞ்ச தூரம் நடந்து உட்கார்ந்தார். மறுபடி நடந்தார். ஒரு நாழிகை நடைக்கு மூன்று நாழிகை ஆயிற்று.

செங்கமலம் கேழ்வரகுக் களி ஓர் உருண்டையும் முருங்கைக்கீரையும் மோரும் வைத்தாள். ராஜா ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு இலையை நீட்டினார்.

“இன்னொரு உருண்டை.”

“கிடையாதுங்க. எங்க வீட்டு வாய்க்கு ஒண்ணுதான் கணக்கு.”

“நான் யார் தெரியுமா?”

“ராஜாங்க. ஆனா வாய் எங்க வீட்டுக்காரரோடதுங்க. கால்ல ரத்தம் வருதுங்க. நீட்டுங்க, பாக்கணும்.”

ராஜா விழித்தார். அவள் அவருடைய உள்ளங்காலைத் துடைத்து, அரை விரல்கடை நீளக் கருவேல முள் ஒன்றைப் பிடுங்கிக் காட்டினாள்.

“இது குத்துனது தெரியலீங்களா?”

“தெரியவில்லையே!”

ராஜா அந்த முள்ளையே பார்த்தார். கால் மரத்துப்போகும் அளவுக்கு நோய் முற்றியிருக்கிறது என்று புரிந்து, அன்றுதான் அவருக்கு உண்மையிலேயே பயம் வந்தது. போகும்போது மருதையனின் பழைய தோல் செருப்பைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு போனார்.

இப்படியே தினம் மூன்று வேளை நடை. பத்தாம் நாள் உட்காராமல் நடந்தார். இருபதாம் நாள் கண் தெளிந்து, வீரமார்த்தாண்டன் தூண் என்று கண்டுபிடித்தார். யாரிடமும் சொல்லாமல் பட்டத்தைப் பறித்தார்.

அரண்மனையில் லட்டு பிடிப்பதை நிறுத்தச் சொல்லி மட்டும் யாரும் ஆணையிடவில்லை. திரும்பி வந்த லட்டுகளையெல்லாம் தினம் தினம் பிரதானியே ஒரு கை பார்த்துவந்தார்.

ஆனால் ராஜா மெலிந்து மினுமினுப்பதைப் பார்த்ததும், மருதையன் தலை தப்பிவிடுமோ என்று அவருக்குக் கவலை வந்தது. நாற்பதாம் நாள் மேற்கு வாசல் புளியமரத்தடியில், தலைப்பாகைக்குள் ஆறு லட்டுகளை ஒளித்துவைத்துக் காத்திருந்தார்.

“மன்னா, தாங்கள் வாடுவதை என் கண் பொறுக்கவில்லை. ஒன்றே ஒன்று!”

நெய் மணந்தது. ராஜாவின் கை தானாக நீண்டது. லட்டைத் தொட்டும்விட்டது. அங்கேயே நின்றது.

“அகோரலிங்கம், இது யார் வாய்?”

“மரு... மருதையன் வாய், மன்னா.”

“மருதையன் வாய்க்கு நீர் இதுவரை ஒரு பொரிகடலையாவது கொடுத்திருக்கிறீரா? இன்றைக்கு என்ன திடீர்ப் பாசம்?”

பிரதானி தடுமாறி, ஆறு லட்டையும் தாமே வாயில் அடைத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

நாற்பத்தெட்டாம் நாள் வெள்ளிக் குடுவை சபைக்கு வந்தது. மருதையன் கழுத்தைத் தடவியபடி நின்றான். எறும்புகள் வரிசையாக வந்தன. குடுவையை ஒரு சுற்றுச் சுற்றின. பிறகு தலைமை எறும்புக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். வரிசை திரும்பி, வாசல் தாண்டி, நேராகப் பிரதானி வீட்டுக் கொல்லைப்புறம் போயிற்று.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று விழுந்தது. அதை அவரே குனிந்து எடுத்தார்.

“வைத்தியரே, எனக்கு நோய் போய்விட்டதா?”

“போகவில்லை, மன்னா. அடங்கியிருக்கிறது. நாளையும் நடக்க வேண்டும்.”

“யார்?” என்று கேட்டது சபை.

“நான்தான்” என்றார் ராஜா. பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். “தப்பிய கழுத்துக்கு இது. இனி உன் வாய் உனக்கே. வேறென்ன வேண்டும், கேள்.”

“ஒரு லட்டு, மன்னா. நாற்பத்தெட்டு நாளாகப் பாகற்காய்.”

லட்டு வந்தது. மருதையன் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தின்றான். ராஜா சிம்மாசனத்து நுனிக்கு வந்து அவன் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கிறது, மருதையா?” என்று எச்சில் விழுங்கியபடி கேட்டார்.

மருதையன் விரலைச் சூப்பிவிட்டுச் சொன்னான்: “பிரமாதம், மன்னா. தங்களுக்கும் சேர்த்தேதான் தின்றேன்.”