கஜேந்திர விலாஸில் மன்னர் சாப்பிட்டது

தென்னங்கோட்டை ராஜா இளநாகவேளுக்கு ஒரு பலவீனம். யாராவது பெரிய எண்ணாகச் சொன்னால் போதும், வாயைப் பிளந்து நம்பிவிடுவார்.

இணையம் எல்லாம் வராத காலம். ஆனால் புறா இருந்தது. புறாவின் காலில் ஓலை கட்டி ஐம்பத்தாறு தேசத்துக்கும் கடைகளின் புகழைப் பரப்புகிறேன் என்று திசைவென்றான் என்பவர் ஊருக்குள் ஒரு விளம்பர நிறுவனம் தொடங்கியிருந்தார். ராஜாவின் புகழையும் பரப்பித் தருவதாகச் சொல்லி, அரண்மனையிலேயே ஓர் ஆசனமும் பிடித்துவிட்டார்.

அந்தச் சபைக்கு ஒருநாள் ஆப்பக்கடை பவளாயி அழுதுகொண்டே வந்தாள்.

"மகாராஜா, என் கடைப் பேரை இந்த ஆளு எடுத்துக்கிட்டாரு. இருபது வருசமா 'பவளாயி ஆப்பக்கடை'ன்னு நடத்துறேன். என் கடைக்காக இவரு புறா விட்டும் ஒரு ஆளு கூடுதலா வரலை. போதும் சாமி, நிறுத்திக்கலாம்னேன். மறுநாளே என் பலகையைக் கழட்டிட்டுப் போய் சந்தை வாசல்ல வேற கடைக்கு மாட்டிட்டாரு. வந்துக்கிட்டிருந்த சனமும் இப்ப அங்கே போகுது!"

திசைவென்றான் பதறவேயில்லை. ஓர் ஓலையை விரித்தார்.

"மன்னர் மன்னா, அம்மையார் கைநாட்டு வைத்த ஒப்பந்தம் இது. 'கடையின் பெயரும் அந்தப் பெயரில் நடக்கும் தொழிலும் நிறுவனத்துக்கே உரியவை.' மேலும், போன மாதம் மட்டும் பதினாறாயிரம் பேர் இந்த ஆப்பத்தைப் புகழ்ந்திருக்கிறார்கள். கலிங்கத்தில் மட்டும் நாலாயிரம்!"

"பதினாறாயிரமா!" ராஜாவின் வாய் பிளந்தது.

அமைச்சர் வரிசையின் கடைசியில் வஞ்சிக்கொடி உட்கார்ந்திருந்தாள். சபையிலேயே வயதில் சின்னவள், வாயில் பெரியவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத ஒருத்தியிடம் கைநாட்டு வாங்கிவிட்டு, அதைக் காட்டியே அவள் பெயரைப் பிடுங்குவதற்குப் பெயர் ஒப்பந்தமா?

"அரசே, ஒரே ஒரு சந்தேகம். கலிங்கத்துக்காரன் ஆப்பம் தின்ன இங்கே வருவானா? ஆப்பத்தை அங்கே அனுப்பினால், போய்ச் சேருவதற்குள் அது அப்பளமாகிவிடுமே?"

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "எண் பொய் சொல்லாது வஞ்சி. ஓலையில் கைநாட்டும் இருக்கிறது."

"அப்படியானால் எட்டு நாள் பொறுத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அதுவரை நானும் இவரிடம் ஒரு கடையைக் கொடுத்துப் பார்க்கிறேன்."

அன்று மாலையே திசைவென்றானின் கூடத்துக்குப் போனாள். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து மளமளவென்று ஓலையில் கீறிக்கொண்டிருந்தார்கள்.

"கடைப் பெயர்?"

"கஜேந்திர விலாஸ்."

"இடம்?"

"அரண்மனை மேற்கு மதில் மூலை."

"போதும். கையெழுத்துப் போடம்மா."

"என்ன கடை, என்ன விற்கிறோம் என்று கேட்க மாட்டீர்களா? ஒருநடை வந்து பார்க்க மாட்டீர்களா?"

திசைவென்றான் பரிதாபப்பட்டுப் புன்னகைத்தார். "சின்னப் பெண். உனக்குத் தொழில் தெரியவில்லை. பெயர் இருந்தால் புகழ் தானாக வரும்."

பவளாயியின் ஓலையில் இருந்த அதே ஒப்பந்தம்தான். வஞ்சி ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் நாள். சபை நிரம்பி வழிந்தது. திசைவென்றான் தொண்டையைக் கனைத்தார்.

"கஜேந்திர விலாஸ்! எட்டே நாளில் முப்பதாயிரம் பேர் புகழ்ந்துவிட்டார்கள். சில துளிகள் மட்டும். 'மணம் தெருமுனையிலேயே ஆளைத் தூக்குகிறது.' 'அளவில் குறையே இல்லை, ஒன்று வாங்கினால் குடும்பத்துக்கே போதும்.' அப்புறம் மகுடம் வைத்தாற்போல் ஒன்று: 'நானும் பட்டத்தரசியும் போயிருந்தோம். கண்ணெதிரே சூடாகப் போட்டார்கள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம். இப்படிக்கு, இளநாகவேள்.'"

ராஜா நிமிர்ந்தார். "நானா? நான் எப்போது போனேன்?"

"தங்கள் திருப்பெயரைப் போட்டால் கடைக்குக் கூட்டம் வரும் என்று நாங்களே ஒரு சிறு..."

"அரசே," வஞ்சி குறுக்கிட்டாள், "தாங்கள் இரண்டு முறை சாப்பிட்ட இடத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? நாலு எட்டுத்தான்."

சபையே எழுந்து நடந்தது. முன்னால் ராஜா, பக்கத்தில் திசைவென்றான், பின்னால் முந்தானையைச் செருகிக்கொண்டு பவளாயி. மேற்கு மதில் மூலை திரும்பினார்கள்.

அங்கே பட்டத்து யானை கஜேந்திரன் கட்டப்பட்டிருந்தது. அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு லத்திக் குவியல். இத்தனை பேரைக் கண்ட உற்சாகத்தில் கஜேந்திரன் வாலைத் தூக்கினான். பொத்தென்று ஒன்று விழுந்தது. ஆவி பறந்தது.

வஞ்சி பணிவாகக் கைகாட்டினாள். "கண்ணெதிரே சூடாகப் போட்டார்கள், அரசே."

ராஜாவின் முகம் சிவந்தது, வெளுத்தது, மறுபடி சிவந்தது. பாகன் மட்டும் யானைக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தான். "இதைத்தான் நான் பட்டத்தரசியோடு வந்து..." என்று தொடங்கிய ராஜா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

திசைவென்றான் மெல்லப் பின்வாங்கினார். வஞ்சி விடவில்லை.

"எங்கே போகிறீர்கள்? ஒப்பந்தம் இருக்கிறதே! பெயரும் அந்தப் பெயரில் நடக்கும் தொழிலும் நிறுவனத்துக்கே உரியவை. பெயர் கஜேந்திர விலாஸ். தொழில் இதோ நடந்துகொண்டிருக்கிறது. அள்ளுவதற்குக் கூடை கொண்டுவந்தீர்களா?"

"ஐயோ அம்மா, அது சும்மா எழுதிய வரி!"

"பவளாயிக்கு மட்டும் சட்டம், உங்களுக்கு என்றால் சும்மாவா?"

ராஜா முடிவாகச் சொன்னார்: "வரி வரிதான். ஒன்று, தினமும் காலையும் மாலையும் வந்து அள்ளு. இல்லையென்றால் இரண்டு ஓலையையும் இங்கேயே கிழி."

கஜேந்திரன் மறுபடி வாலைத் தூக்கினான். அது கீழே விழுவதற்குள் இரண்டு ஓலைகளும் எட்டுத் துண்டாகியிருந்தன. சாயங்காலத்துக்குள் பலகை பழைய வாசலுக்கு வந்துவிட்டது. நிறுவனமும் புறாக்களும் எல்லை தாண்டிவிட்டன.

மறுநாள் ராஜா தாமே பவளாயி கடைக்கு வந்தார். வஞ்சிக்கு அங்கேயே ஒரு முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். பவளாயிக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்பை ஊதிவிட்டு ஆசையாகக் கேட்டாள்:

"மகாராஜா, கண்ணெதிரேயே சூடாப் போடட்டுங்களா?"

ராஜா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம் தாயே. ஆறினதே கொடு."