வடகரைக்கு வந்த வீடு

"தேங்கா ஒண்ணு பறிச்சுப் போடுங்க. மாவு இன்னும் நாலு சுத்துல ஆகிடும்" என்றாள் என் மனைவி செங்கமலம். முற்றத்து ஆட்டுக்கல் முன் உட்கார்ந்திருந்தாள். குழவியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். நான் மரத்தில் ஏறினேன்.

முன்னொரு காலத்தில் ஓர் அரசர் இருந்தார், அவரிடம் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான் என்று ஊரில் இந்தக் கதையைத் தொடங்குகிறார்கள். கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டிய கதைதான். எனக்கு மட்டும் அது அந்தத் தேங்காயில் தொடங்குகிறது.

நான் அரண்மனையில் ஓலை எழுதியவன். பெயர் அம்பலவாணன். ஒரு கோடையில், கால்வாய் மதகை இரண்டு நாள் திறக்கும்படி அரசர் சொன்னதை ஐந்து நாள் என்று எழுதிவிட்டேன். கடைமடையில் பயிர் கருகிக்கொண்டிருந்தது. அது குற்றம்தான், மறுக்கவில்லை. வலது கையை வெட்டும்படி தீர்ப்பானது. பிச்சாண்டி இடையில் புகுந்து எதையோ சொல்லி அரசரைச் சிரிக்க வைத்தான். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. 'மூன்று ஆண்டுகள் தென்கரையில் தன் வீட்டிலேயே இருக்க வேண்டும். தலைநகர் இருக்கும் வடகரையில் காணப்பட்டால், அவன் வீட்டு வாசலில், அரசர் முன்னிலையில், கையை வெட்டுக' என்று ஓலையில் எழுதினார்கள். தன் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் திருப்பியவனைக் கோமாளி காப்பாற்றிவிட்டானே என்று அமைச்சர் திருமேனியாருக்கு அன்றிலிருந்து நெஞ்சில் முள்.

இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மரத்தின் உச்சியிலிருந்து வெள்ளம் வருவதை நான்தான் முதலில் பார்த்தேன். கத்தினேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தண்ணீர் வந்த பக்கம் பார்க்கவில்லை.

மறுநாள் வெள்ளம் வடிந்தபோது வீடு இல்லை. அவள் இல்லை. குழவியும் இல்லை. ஆட்டுக்கல் மட்டும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வடக்கே ஓடிய ஆறு, கரையை உடைத்துக்கொண்டு தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். வடகரைக் காவலர்கள் அங்கேயே வந்து என் கைகளைக் கட்டினார்கள்.

"அரசே, இவன் வடகரையில் பிடிபட்டான்" என்றார் அமைச்சர். "தீர்ப்பு முன்பே வழங்கப்பட்டுவிட்டது. இனி விசாரிக்க ஏதுமில்லை. வெட்டிவிடலாம். இவனுக்காகப் பரிந்து பேசிய விகடகவியையும் கையோடு ஊரைவிட்டு அனுப்பிவிடலாம்."

"ஒரு முறை கேட்டாயிற்றே. எத்தனை முறை கேட்பது?" என்றார் அரசர். அவருக்குச் சாப்பாட்டு நேரம்.

பிச்சாண்டி என் அருகே வந்தான். "எந்தத் துறையில ஓய் ஆத்தைக் கடந்தீரு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நான் எங்கயும் போகலீங்க. தேங்கா பறிக்க ஏறினேன்."

அவன் என்னையே பார்த்தான். வேடிக்கையாக எதையாவது சொல்வான் என்று சபை காத்திருந்தது. அவன் அரசரிடம் திரும்பினான்.

"வெட்டத்தான் வேண்டும், அரசே. ஆனால் ஓலையில் எழுதியபடி வெட்ட வேண்டும். அவன் வீட்டு வாசலில், தங்கள் முன்னிலையில்."

"இங்கேயே முடித்தால் என்ன?" என்றார் அமைச்சர்.

"அரச ஓலையில் ஒரு சொல்லை மாற்றியதற்குத்தானே இந்தக் கை போகிறது, ஐயா? நாமும் மாற்றினால் வெட்ட இரண்டு கை போதாது. உங்களுடையதையும் கேட்பார்கள்."

அரசர் முணுமுணுத்துக்கொண்டே பல்லக்கில் ஏறினார். வெயிலுக்குத் திரை போட்டிருந்தது. முன்னால் பிச்சாண்டி, பின்னால் வெட்டுக்கத்தியோடு தண்டனை நிறைவேற்றும் சேவகன், நடுவில் நான். வழியில் ஈர மணலில் தூக்குபவர்களின் கால்கள் புதைந்தன. ஓரிடத்தில் ஓடம் ஒன்று தரையில் சாய்ந்து கிடந்தது. அமைச்சர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

"இறக்குங்கள்" என்றான் பிச்சாண்டி. "வந்துவிட்டோம்."

அரசர் திரையை விலக்கினார். "எங்கே வந்துவிட்டோம்? இன்னும் ஆற்றையே கடக்கவில்லையே!"

"அம்பலவாணன் வீட்டு வாசல், அரசே. அதோ தென்னை. இதோ ஆட்டுக்கல். வீடுதான் இல்லை."

"அவன் வீடு தென்கரையில் அல்லவா இருக்கிறது?"

"அதுதான் எனக்கும் புரியவில்லை. ஓடம் ஏறவில்லை, கால் நனையவில்லை, தென்கரை வீட்டுக்கு வந்து நிற்கிறோம். ஆற்றைக் கடந்தது இவனா, இவனைக் கடந்தது ஆறா? ஆறுதான் என்றால் அதைப் பிடித்துக் கட்டச் சொல்லுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் அதனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

அரசர் பின்னால் கிடந்த மணலையும் முன்னால் ஓடிய தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். தூக்குபவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, என்னிடம் முதல் முறையாகக் கேட்டார்.

"இதை ஏனப்பா சபையில் சொல்லவில்லை?"

"யாரும் கேக்கலீங்க, மகாராசா."

"வீட்டில் உன்னோடு யார் இருந்தார்கள்?"

சொன்னேன். அதன்பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அரசர் என்னைக் கட்டி இழுத்து வந்த கரைக்காவலன் பக்கம் திரும்பினார். "ஆறு இடம் மாறியது உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. அமைச்சர் ஐயாகிட்ட அன்னிக்கே சொன்னேன். 'வாயை மூடிக்கிட்டு அவனைக் கட்டி இழுத்துட்டு வா'ன்னாரு."

திருமேனியார் அன்று தலைப்பாகை இல்லாமல் ஊர் திரும்பினார். அரசர் தம் கழுத்து மாலையைக் கழற்றிப் பிச்சாண்டியிடம் நீட்டினார்.

"வேண்டாம் என்று சொல்லுமளவு நான் நல்லவனில்லை, அரசே" என்று அதை வாங்கிக்கொண்டான். "கூடவே ஓர் ஓலையும் வேண்டும். நிறுத்தி வைத்த தண்டனையை மறுபடி எடுக்கும் முன், அவன் மீறியது என்ன என்று அவனிடம் சொல்ல வேண்டும். பார்த்தேன் என்பவனை அவன் எதிரில் நிறுத்த வேண்டும். அவன் சொல்வதைக் கேட்க வேண்டும்."

"யார் எழுதுவது?"

"வெட்டுப்பட இருந்த கையே எழுதட்டும்."

கட்டை அவிழ்த்தார்கள். ஆட்டுக்கல்லின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினேன். அரசர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. என் தண்டனையும் அன்றே தள்ளுபடியானது.

பிச்சாண்டியும் இப்போது இல்லை. ஆறு அதற்குப் பிறகு இரண்டு முறை இடம் மாறிவிட்டது. என் வீடு எந்தக் கரை என்று கேட்டால் எட்டிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். குழவி இல்லாத அந்த ஆட்டுக்கல் அவள் போட்ட இடத்திலேயே இருக்கிறது.