அண்டாவுக்கு ஆள்

மருதப்பன் சித்திரை வெயிலிலும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் திரிவார். அது என்ன விரதம் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததாலேயே மடத்தில் அவருக்கு மதிப்பு கூடிப்போனது. "வைராக்கியம்னா இதுதான்" என்று அவர் காதுபடவே பேசினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் கூனிக் குறுகிப் போவார்.

ஒருநாள் காலை மருதப்பன் மடத்தின் குருவான வடிவம்மையிடம் வந்து நின்றார். குருவைவிட அவர் பத்து வயது மூத்தவர்.

"அம்மா, தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கிறவன் இந்த மடத்துல இருக்கலாமா?"

"யாரு?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

வடிவம்மை எழுந்து அடுக்களைக்குப் போனார். மருதப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அந்த மடத்தில் கஞ்சி அண்டாவைத் தனியாக யாரும் தூக்கக் கூடாது. ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு "ஆள் வேணும்!" என்று குரல் கொடுக்க வேண்டும். காதில் விழுந்தவர் பூஜையில் இருந்தாலும் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது.

"ஆள் வேணும்!" என்றார் வடிவம்மை.

மருதப்பன் ஓடிப்போய் மறு வளையத்தைப் பிடித்தார். தூக்கும்போது சால்வை நழுவி விழுந்தது. அண்டாவை விட்டுவிட்டு மூடவும் முடியவில்லை. கையிலிருந்த காயமெல்லாம் தெரிந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது.

இறக்கி வைத்ததும் வடிவம்மை சால்வையை எடுத்து அவர் தோளில் போட்டார்.

"வெட்கமா இருக்கும்மா. மனசு தாங்காமப் போகும்போது இப்படிப் பண்ணிடறேன். இவங்க அதை விரதம்னு கும்பிடறாங்க."

"அண்டாவுக்கு ஆள் கூப்பிட என்னைக்காவது வெட்கப்பட்டிருக்கீங்களா?"

"அதுல என்னம்மா வெட்கம்? கனம். ஒருத்தரால ஆகாது."

சொல்லிவிட்டு மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கஞ்சி குடிங்க. டாக்டரைப் பார்க்கப் போவோம். நானும் கூட வர்றேன்."

சில நாள் கழித்து, வடிவம்மை விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். மருதப்பன் தூணோரம் வந்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"ஆள்... வேணும்."

வடிவம்மை திரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

பிறகு சொன்னார்:

"அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க. நான் ஊர்ல இல்லாட்டியும் யாருக்காவது கேட்கணும்."