சாத்தியின் மறுமொழி

நெடும்பாறைக் குன்றின்மேல் சமணப் பெண் துறவிகளின் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தலைவி பூரணமதி அம்மை. அவரிடம் பாடம் கேட்க வந்த ஆண்கள் சிலர் அடிவாரக் குடில்களில் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கூத்தர். முப்பது ஆண்டுகள் ஊராருக்கு ஆவண ஓலை எழுதிவிட்டு, மனைவி இறந்தபின் வந்து சேர்ந்தவர். அம்மையைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒரு வைகாசிக் காலையில் சாத்தி என்ற பெண்ணை மேலே அழைத்து வந்தார்கள். கணவன் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. ஏரியை ஒட்டிய நல்ல நிலம் அவளுக்கு வந்திருந்தது. முன்னால் நடந்து வந்தவன் கணவனின் அண்ணன் சேந்தன். ஊர்ச் சபையில் அவன் வைத்ததுதான் சட்டம். பள்ளிக்கு ஆண்டுதோறும் நெல் வண்டி அனுப்புகிறவனும் அவனே.

சாத்தி துறவு ஏற்க விரும்புகிறாள், இன்றே நல்ல நாள் என்று சொல்லிச் சபையின் ஓலையை நீட்டினான். கூத்தர் வாங்கி உரக்கப் படித்தார். சாத்தி தன் மனம் ஒப்பித் துறவு ஏற்கிறாள். ஏற்றபின் அவள் நிலம் சேந்தனைச் சேரும். கூத்தர் ஓலையைத் திருப்பிப் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை.

பள்ளியின் முறைப்படி மூன்று தடவை கேட்க வேண்டும். அம்மை கேட்டார்.

"துறவு வேண்டுமா?"

"ஆம்."

மூன்று தடவையும் அதே சொல், அதே குரல். அவள் பார்வை சேந்தனின் கால்களைவிட்டு நகரவில்லை. தலைமயிரைக் கையால் பறித்துக் களையும்போது விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் எடுத்துவர ஒரு துறவி எழுந்தாள். அம்மை கையசைத்து அவளை உட்கார வைத்தார்.

"சாத்தி, வெயில் சுடுகிறதா?"

"ஆம்."

"மழை பெய்கிறதா?"

"ஆம்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கூத்தருக்கும் சிரிப்பு வந்தது. அம்மை சிரிக்கவில்லை. இவள் இங்கே இருக்கட்டும், தை மாதம் வாருங்கள், அப்போது கேட்போம் என்றார். சேந்தனுக்கு முகம் கறுத்துவிட்டது. நெல் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டே இறங்கிப் போனான்.

அவர்கள் போனபின் கூத்தர் கேட்டார்.

"மூன்று முறை ஆம் என்றாளே, அம்மை. அதற்குமேல் என்ன வேண்டும்?"

"நான்காம் முறையும் ஐந்தாம் முறையும் சொன்னாளே, கூத்தரே. கேட்கவில்லையா?"

அம்மையே தொடர்ந்து கேட்டார்.

"மனம் ஒப்பி என்று நீர் எத்தனை ஓலை எழுதியிருப்பீர்?"

"நினைவில்லை. பெண் கைநாட்டு வைக்கிற ஓலை என்றால் அது முதலிலேயே எழுதிவிடுகிற சொல். அவள் வந்து சேரும் முன்பே எழுதி வைத்திருப்போம்."



சாத்தி பள்ளியில் தங்கினாள். யார் எதைச் சொன்னாலும் செய்தாள். தண்ணீர் சுமந்தாள், தினை குத்தினாள், நோயாளிகளின் துணி துவைத்தாள். ஒருத்தி சொன்ன வேலை முடியும் முன் இன்னொருத்தி கூப்பிட்டால் அதற்கும் ஓடினாள். கைகள் வெடித்தன. இப்படி ஒரு பெண் கிடைக்க மாட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கூத்தரும் சொன்னார்.

ஆடியில் ஒருநாள் அவள் வெறுங்குடத்தோடு சுனைக்குக் கிளம்பினாள். அது அன்றைக்கு ஏழாவது நடை. அம்மை அவளை நிறுத்தி, இந்தக் குடத்தை எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சாத்தி குடத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றாள். அம்மை காத்திருந்தார். மரத்தடியில் ஓலை நறுக்கிக்கொண்டிருந்த கூத்தர், இந்தப் பெண்ணுக்குக் கேள்வியே விளங்கவில்லை என்று நினைத்தார்.

வெகுநேரம் கழித்துச் சாத்தி சொன்னாள்.

"அடி விழும்."

அம்மை குடத்தை அவள் கையிலிருந்து வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு சுனைக்குப் போனார். நிறைத்துக்கொண்டு வந்து இறக்கி வைத்தார். அன்று முழுக்க அவரே சுமந்தார். சாத்தி பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து அவளை வேலை ஏவ ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மழைக்காலம் வந்தது. கூத்தர் பழைய சுவடி ஒன்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரிய ஓலைமேல் தடவுவதற்குக் கோவையிலைச் சாறு வேண்டியிருந்தது. பழக்கத்தில் சாத்தியைக் கூப்பிட்டு இலையைக் கசக்கித் தரச் சொன்னார். அவள் அப்போதுதான் அம்மையிடம் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். மணலில் ஓர் எழுத்து பாதியில் நின்றது.

"என்னால் இப்போது முடியாது" என்றாள்.

சொல்லிவிட்டு, தலையைத் தாழ்த்தித் தோள்களை ஒடுக்கிக்கொண்டாள்.

கூத்தருக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. எவ்வளவு சின்ன வேலை, எவ்வளவு மூத்த மனிதன். வாய் திறந்தவர் அந்தத் தோள்களைப் பார்த்தார். ஒடுங்கியபடியே அவை காத்திருந்தன. அவர் சுவடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோவைக்கொடியின் அடியில் தாமே உட்கார்ந்து இலை பறித்தார்.  தம் வீட்டில் ஒருத்தி இருபத்தைந்து ஆண்டுகள் இருந்தாள். அவள் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

சாயங்காலம் அம்மையிடம் நடந்ததைச் சொன்னார்.

"நீர் என்ன செய்தீர்?"

"ஒன்றும் செய்யவில்லை அம்மை."

"நல்ல காரியம் செய்தீர்" என்றார் அம்மை.

தை பிறந்ததும் சேந்தன் வந்தான். சபையார் இருவர் உடன் வந்தார்கள். துறவிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அம்மை சாத்தியை முன்னால் அழைத்து ஒரே ஒரு தடவை கேட்டார்.

சாத்தி சேந்தனின் முகத்தைப் பார்த்தாள். உதடு வறண்டிருந்தது.

"வேண்டாம். எனக்குத் துறவு வேண்டாம். நான் என் நிலத்துக்குப் போகிறேன்."

யார் இவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது என்று சேந்தன் கேட்டான்.  அவன் சபையாரைப் பார்த்தான். துறவு ஏற்றால்தான் நிலம் கைமாறும் என்று அவர்கள் எழுதிய ஓலையிலேயே இருந்தது. அவர்கள் பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனி இந்தக் குன்றுக்கு ஒரு மணி நெல் ஏறாது என்று சொல்லிவிட்டுச் சேந்தன் இறங்கினான். அம்மை துறவிகளைப் பார்த்து, நாளை முதல் மேற்கே உள்ள சிற்றூர்களுக்கும் பிச்சைக்குப் போகவேண்டும், வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று பிற்பகல் அம்மை சாத்தியைத் தம் குகைக்கு அழைத்தார். கூத்தர் வாசலில் சுவடி கட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கேயே இருந்துவிடு, சாத்தி" என்றார் அம்மை. "துறவு வேண்டாம். படி. இவ்வளவு சீக்கிரம் எழுத்து பிடிபட்டவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குப்பின் இந்தச் சுவடிகளுக்கு ஓர் ஆள் வேண்டும்."

 உள்ளே சாத்தி அழுவது கேட்டது.

"மாட்டேன் அம்மை. என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். நான் போகிறேன்."

மறுநாள் அம்மையும் கூத்தரும் துறவிகள் நால்வரும் அவளோடு இறங்கினார்கள். சபை கூடும் ஆலமரத்தடியில் நின்று, சாத்தி துறவு ஏற்கவில்லை, நிலம் அவளுடையதே என்று கூத்தர் தாம் எழுதிய ஓலையை ஊரறியப் படித்தார். மனம் ஒப்பி என்று எழுதவில்லை. அவள் சொன்ன சொற்களையே எழுதியிருந்தார். சாத்தி ஏர்க்காரன் ஒருவனை உழவுக்குப் பேசிவிட்டுத் தன் வரப்பில் ஏறி நடந்தாள். ஒருமுறை திரும்பிக் கும்பிட்டாள்.

குன்றுக்குத் திரும்பும் வழியில் அம்மை முன்னால் நடந்தார். பாதி ஏறியதும் ஒரு பாறையில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. கூத்தர் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

"நேற்று அவளைச் சோதிப்பதற்காகத்தானே இருக்கச் சொன்னீர்கள்?"

"இல்லை. இருக்கவேண்டும் என்றுதான் கேட்டேன்."

"அப்படியானால் வருத்தமாக இருக்குமே."

"இருக்கிறது."

"ஆனாலும் உங்கள் முகம் இன்று தெளிவாக இருக்கிறது அம்மை. சேந்தன் முன்னால் அவள் வேண்டாம் என்றபோதுகூட இவ்வளவு தெளிவில்லை."

அம்மை கீழே வயல்களைப் பார்த்தார்.

"சேந்தன்மேல் அவளுக்கு வெறுப்பு, கூத்தரே. என்மேல் அன்பு. அப்படியிருந்தும் என்னிடம் மாட்டேன் என்றாள்."