வள்ளத்தின் வலது கன்னம்

அந்தக் காலத்தில் பாண்டிய நாட்டை ஆண்ட ராஜாவின் பெயர் எனக்குத் தெரியாது. மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பது தெரியும். அந்த மீன் தாழைக்கரை என்ற ஊரிலிருந்து போனது என்பதும் தெரியும். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும்.

தாழைக்கரையில் வள்ளம் என்றால் சின்னப் படகு. நாலு பேர் உட்காரலாம். அதில் ஆணி கிடையாது. பலகைகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தென்னங்கயிற்றால் தைத்து, மேலே தண்ணீர் புகாமல் குங்கிலியப் பிசின் காய்ச்சிப் பூசுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை கயிற்றைப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வள்ளம் என்பது கடலுக்கு வாக்கப்பட்ட பெண். அவளைப் பற்றி யாரும் வாய்திறந்து குறை சொல்லக்கூடாது. சொன்னால் அது புருஷன் வீட்டுக்குக் கேட்டுவிடும். கேட்டுவிட்டால் கடல் அவளை வைத்து வாழாது, தலைகீழாகக் கவிழ்த்துவிடும். கடல் சத்தம் கேட்காத மூலை அந்த ஊரில் இல்லை என்பதால், வீட்டுக்குள்ளே அடுப்படியில்கூட யாரும் ஒரு வள்ளத்தைக் குறை சொன்னதில்லை.

நல்ல வழக்கம்தான். ஆனால் பழைய வள்ளம் வாங்குகிறவன் கதி என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. விற்கிறவனிடம் கேட்டால் தங்கம் என்பான். அவனுக்கு முன்னால் வைத்திருந்தவனும் தங்கம் என்பான். வாங்கினவன் கடலுக்குப் போய் நனைந்து திரும்பி வந்து, தானும் தங்கம் என்றே சொல்வான்.

அப்படி நனைந்தவர்களில் கொம்பையா ஒருவன். அவன் முதலில் வாங்கிய வள்ளம் நடுக்கடலில் தையல் விட்டுப் பலகை பலகையாகப் பிரிந்தது. இரண்டு இரவு ஒரு துடுப்பைக் கட்டிப்பிடித்து மிதந்து கரை சேர்ந்தான். அவன் பெண்டாட்டி சடைச்சி அந்த இரண்டு இரவும் மணலில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. யாராவது சோறு கொண்டுவந்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலையில் அவன் தவழ்ந்து வந்தபோது எழுந்து போய் அவனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

கொம்பையா கெட்டிக்காரன்தான், வலை வீசுவதில் அவனுக்கு ஈடு கிடையாது. ஆனால் எதையும் நம்பிவிடுவான். யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால், அது தனக்கென்றே பிறந்தது என்று நினைத்துக்கொள்வான்.

அன்றிலிருந்து அவன் அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனான். சடைச்சி கருவாடு விற்றாள். மறுபடி சொந்தமாக ஒரு வள்ளம் வாங்கக் காதில் கிடந்த பாம்படத்தையும் கழற்றி அடகு வைத்துவிட்டாள். தொங்கிப்போன வெறுங்காதோடு அவள் சந்தைக்குப் போவதை ஊரே பார்த்தது.

அந்தச் சமயத்தில் தளவாய் என்பவன் தன் வள்ளத்தை விற்கப்போவதாகச் சொன்னான். அவன் கை ஓங்கி, இலங்கைக்குப் போய்வரும் பெரிய தோணி ஒன்றைக் கட்டிவிட்டான். இனிச் சின்ன வள்ளம் எதற்கு? அது தென்னை நிழலில் குப்புறக் கிடந்தது. குங்கிலியம் புதிதாகப் பூசி வெயிலில் மினுமினுத்தது.

கொம்பையா அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். தடவிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, "ஏட்டி, இன்னைக்கே வெத்தலை மாத்திருவோம்" என்றான். வெற்றிலை மாற்றிவிட்டால் பேச்சு முடிந்த மாதிரி. பிறகு யாரும் பின்வாங்க முடியாது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க. அந்த வள்ளத்தை வச்சிருந்தவங்களை எல்லாம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்" என்றாள் சடைச்சி.

"கேக்கதுக்கு என்ன இருக்கு? பக்கத்து ஊர்க்காரன் ஒருத்தன் வேற வந்து பாத்துட்டுப் போயிருக்கான். மீன் வரத்துக் காலம் வந்துட்டு. விட்டா இன்னொரு வருசம் கூலிதான்."

"போனா போகட்டும்" என்றாள் அவள். அப்படிச் சொன்னாளே தவிர, போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று மணலில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு இரவாக அவளுக்குள் இருந்தது.

வள்ளத்தை முதலில் கட்டியவன் சப்பாணி. அவனிடமிருந்து பலவேசம் வாங்கினான். பலவேசத்திடமிருந்து தளவாய் வாங்கினான். மூன்று பேரும் ஊரில்தான் இருந்தார்கள்.

தளவாயிடம் கேட்டாள். "தங்கம்" என்றான்.

பலவேசத்திடம் கேட்டாள். "தங்கம்னா தங்கம்" என்றான்.

சப்பாணியிடம் கேட்டாள். "தங்கம்னு சொன்னா அது குறைச்சுச் சொன்ன மாதிரி" என்றான்.

சடைச்சி வீட்டுக்கு வந்து கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். இவ்வளவு தங்கத்தை மூன்று பேர் அடுத்தடுத்துக் கைமாற்றிவிட்டிருக்கிறார்களே என்று யோசித்தாள். கொம்பையாவோ, "பாத்தியா, மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதாங்க" என்று பூரித்துப் போனான்.

மறுநாள் அம்மன் கோயிலில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் தாய் மாமியார்க்காரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை ஊரெல்லாம் தன் மகளைப் போல உண்டா என்று பேசித் திரிந்தவள் அவள். இப்போது கண்ணில் நீர் வழிய மெல்லச் சொன்னாள். "மதினி, பிள்ளைய விடியக்காலம் எழுப்பாதீங்க, தானா எந்திரிக்கட்டும். அடுப்புப் புகை அதுக்கு ஆகாது. யாரும் சத்தமா ஒரு வார்த்தை சொல்லிட்டா ரெண்டு நாளைக்குச் சாப்பிடாது, கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

கூட்டத்தில் நின்ற சடைச்சிக்குச் சிரிப்பு வந்தது. பெண் சோம்பேறி, சமைக்கத் தெரியாது, கோபக்காரி. மூன்றையும் தாயே சொல்லிவிட்டாள், ஒரு குறையும் சொல்லாமல். சிரித்து முடிப்பதற்குள் சடைச்சிக்கு வழி புரிந்துவிட்டது.

அன்று மதியமே அவள் தட்டில் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்துக்கொண்டு மறுபடி கிளம்பினாள்.

முதலில் தளவாய் வீடு. இரண்டு நடைப் பாரத்தை ஒரே நடையில் ஏற்றிவருபவன் அவன். "அண்ணாச்சி, பொண்ணு கேட்டு வந்திருக்கேன். உங்க வள்ளம் எங்க வீட்டுக்கு வந்தா அவளை நாங்க எப்படி வச்சுக்கிடணும்? நீங்க வளத்த பிள்ளை, நீங்கதான் சொல்லணும்."

தளவாய்க்கு அப்படி யாரும் கேட்டுப் பழக்கமில்லை. அவன் முகம் இளகியது. "வலையை முன்னால ஏத்தாதீங்க தாயி. முன்னால பாரம் ஏறினா அவ மூக்கு தண்ணிக்குள்ள போகும். சுமை கூடினா முனகுவா. அப்புறம், வலது பக்கம் எப்பவும் ஒரு ஆள் உக்காந்து தண்ணி இறைக்கட்டும்" என்றான்.

அடுத்துப் பலவேசம் வீடு. அவன் ஒரு முழக் கயிறு வாங்கவே ஒரு வாரம் யோசிப்பவன். "என் கையில அவ ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா. தைக்காமலே வச்சிருந்தேன். எல்லாத் தையல்லயும் கசிவா. நீங்க வருசம் தவறாமத் தச்சுப் போடுங்க. கரையேத்தும்போது வலது பக்கமாச் சாய்ச்சு வைக்காதீங்க, இடது பக்கமே சாயட்டும்" என்றான்.

கடைசியாகச் சப்பாணி. கரை கண்ணுக்கு மறையும் தூரத்துக்கு அவன் ஒரு நாளும் போனதில்லை. கேட்டதுமே அழுதுவிட்டான். "அவ அலைக்குப் பயப்படுவா, ஆழத்துக்குப் பயப்படுவா, இருட்டுக்குப் பயப்படுவா. தூரமாக் கூட்டிட்டுப் போகாதீங்க. பாறை இருக்கிற பக்கமே வேண்டாம். ஒரு தடவை போயிட்டு நான் பட்டது போதும். வலது கன்னத்தை மட்டும் அடிக்கடி தடவிக் குடுங்க" என்றான்.

வீட்டில் கொம்பையா இதைக் கேட்டுத் தலையில் கையை வைத்தான். "முந்தி எல்லாரும் தங்கம்னாங்க. இப்ப ஒருத்தன் மூக்குங்கான், ஒருத்தன் கசிவுங்கான், ஒருத்தன் பயங்கான். இதுல எதை நம்ப?" பிறகு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு கடல் பக்கம் பார்த்தான்.

சடைச்சிக்குக் கருவாட்டுக் கூடை ஞாபகம் வந்தது. ஒரே கூடைக் கருவாட்டை ஒருத்தி உப்பு அதிகம் என்பாள், இன்னொருத்தி உப்பே இல்லை என்பாள், அடுத்தவள் முள் அதிகம் என்பாள். அதற்கெல்லாம் சடைச்சி கவலைப்பட்டதில்லை. அது அவரவர் நாக்கு. ஆனால் ஒருமுறை மூன்று தெருவில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, கூடையின் அடியில் கிடந்தது நாறுகிறது என்றார்கள். அன்று அவள் வீட்டுக்கு வந்து கூடையைக் கொட்டிப் பார்த்தாள். அடியில் பனை ஓலை அழுகியிருந்தது.

வள்ளத்தையும் அப்படியே கொட்டிப் பார்த்தாள். மூக்கு முங்குவது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றும் தளவாயின் ஆசை. எல்லாத் தையலும் கசிவது, கயிறு வாங்காத பலவேசத்தின் கஞ்சத்தனம். அலைக்குப் பயம், சப்பாணியின் பயம். இவற்றை எடுத்து ஓரம் வைத்தால் மிச்சம் என்ன? வலது பக்கம். ஒருவன் அங்கே தண்ணீர் இறைக்கச் சொன்னான், ஒருவன் அந்தப் பக்கம் சாய்க்காதே என்றான், ஒருவன் தடவிக் கொடுக்கச் சொன்னான். அது ஆட்களின் குணம் இல்லை, வள்ளத்தின் காயம்.

சாயங்காலம் அவள் மீன் செதில் எடுக்கும் கத்தியை மடியில் செருகிக்கொண்டு தென்னை நிழலுக்குப் போனாள். வள்ளத்தின் வலப்பக்க முகப்பில் மட்டும் குங்கிலியம் கொஞ்சம் தடிமனாக இருந்தது. கத்தி முனையை வைத்து லேசாக அழுத்தினாள். கத்தி பிடிவரைக்கும் உள்ளே போனது. கத்தியை உருவி, அந்த இடத்தைக் கட்டைவிரலால் வழித்து மூடிவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாயால் சொன்னால் கொம்பையாவே அவள் வாயைப் பொத்துவான். அதனால் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற ஊர் கூடியது. பக்கத்து ஊர்க்காரனும் ஓரமாக வந்து நின்றான். தளவாய் தட்டை நீட்டினான். கொம்பையா கை நீட்டும் முன்னே சடைச்சி குறுக்கே வந்தாள்.

"அண்ணாச்சி, பொண்ணைச் சீர் இல்லாமலா அனுப்புவீங்க?"

கூட்டம் சிரித்தது. தளவாயும் சிரித்தான். "கேளு தாயி. என்ன வேணும்? புதுத் துடுப்பா?"

"துடுப்பு எங்ககிட்ட இருக்கு. ஒரு தடவை என் தாலியைக் காப்பாத்தின துடுப்பு. பொண்ணு வலது கன்னத்துக்குப் புதுசா ஒரு பலகை போட்டுக் குடுங்க. அதுதான் சீர்."

தளவாயின் சிரிப்பு நின்றது. கூட்டத்தில் பலவேசம் குனிந்து கால் விரலைப் பார்த்தான். சப்பாணி கண்ணைத் துடைத்தான்.

"நல்ல ஆயினி மரப் பலகை கிடைக்கணுமே" என்று இழுத்தான் தளவாய்.

"தோணி கட்டின வீட்டுல ஒரு பலகை மிச்சம் இல்லாமலா போகும்?"

அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சீர்தான் கேட்டாள். ஊர் முன்னால் மகளுக்குச் சீர் செய்ய மாட்டேன் என்று எந்தத் தகப்பன் சொல்வான்? தளவாய் தச்சனுக்கு ஆள் அனுப்பினான். கொம்பையாவுக்கு மட்டும் ஒரே எரிச்சல். பளபளவென்று இருக்கிற வள்ளத்தை இவள் வீணாகப் பிரிக்கச் சொல்கிறாளே என்று முணுமுணுத்தான்.

தச்சன் வந்தான். வள்ளத்தை நிமிர்த்தி வைத்தார்கள். பலகை விழாமல் பிடித்துக்கொள்ளக் கொம்பையா உள்ளே ஏறி உட்கார்ந்தான். சடைச்சி வெளியே நின்றாள். தச்சன் குங்கிலியத்தைச் சுரண்டினான். பாறையில் அடிபட்டு விரிந்த மரம், உப்புநீர் குடித்துக் குடித்து ஊறிப்போன மரம், ஈர மாவு போலப் பொலபொலவென்று கொட்டியது. தச்சன் உளியைக்கூட இன்னும் எடுக்கவில்லை.

கொம்பையா அந்த இடத்தில் கையை வைத்தான். கை உள்ளே போனது. மணிக்கட்டு போனது. முழங்கை போனது. வள்ளத்துக்குள் உட்கார்ந்திருந்தவனின் கை வள்ளத்துக்கு வெளியே வந்து நின்றது.

அந்தப் பக்கம் நின்ற சடைச்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. தச்சன் நகரச் சொல்லியும் விடவில்லை. உள்ளே இருந்தவனுக்கு அந்தத் துடுப்பின் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

புதுப் பலகை ஏறியது. புதுக் கயிற்றில் தைத்தார்கள். கொம்பையா வலையைப் பின்னால் ஏற்றினான், வருஷம் தவறாமல் தைத்தான். அலைக்குப் போனான், ஆழத்துக்குப் போனான், இருட்டிலும் போனான். வள்ளம் எதற்கும் பயப்படவில்லை. சடைச்சியின் காதுக்குப் பாம்படமும் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு தாழைக்கரையில் பழைய வள்ளம் வாங்கப் போகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடு போய், எப்படி இருக்கிறாள் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதை அப்படியே நம்பவும் இல்லை, அப்படியே தள்ளவும் இல்லை. மடியில் ஒரு கத்தியும் கொண்டுபோனார்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, கதையின் நீதி இதுதான்: ஒரு பொருளை வைத்திருந்தவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்வது அவரவர் குணம், வழக்கத்துக்குச் சொல்லும் புகழ்ச்சி போக எல்லோர் பேச்சிலும் ஒன்றுபோல வருவதே பொருளின் குணம், அதையும் நம் கையால் தொட்டுப் பார்த்த பிறகே வாங்க வேண்டும்.