செண்பகவல்லியின் பந்தயம்

தில்லைநாயகம் சீடர்தான்; ஆனால் குருவைவிட வயதில் மூத்தவர். மலையடிவாரக் குடிலுக்கு ஒருநாள் தடித்த பைண்டு புத்தகத்தோடு வந்தார்.

"சாமி, இன்னும் ஒரே ஒரு அத்தியாயம். முடிக்க முடியலை."

"என்ன புத்தகம்?"

"பழைய தொடர்கதை. அஞ்சு பாகம். மாமியார் வாராவாரம் பத்திரிகையிலேருந்து பிரிச்செடுத்து பைண்டு பண்ணி வச்சது. சீரோட சீரா வந்தது. நான் ரிட்டயரான பிறகுதான் பிரிச்சோம். சாயங்காலம் நான் படிப்பேன், என் சம்சாரம் செண்பகவல்லி கீரை ஆய்ஞ்சுக்கிட்டே கேப்பா. முன்னால புரட்டிப் பார்க்கக் கூடாதுன்னு ஒப்பந்தம்."

"அப்புறம்?"

"கடைசி அத்தியாயத்தை நாளைக்கு வச்சுக்கலாம்னு அவதான் சொன்னா. மறுநாள் அவ இல்லை."

குரு பாயை விரித்துப் போட்டார்.

"படிங்க, கேக்கறேன்."

"சாமிக்கு முன்கதை தெரியாதே?"

"சொல்லுங்க."

தினமும் காலையில் வந்து சொன்னார். ஓடக்காரர் மகள் பூங்காவனம் அப்பாவோடு கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போன கதை. சொல்லச் சொல்ல, பூங்காவனத்தைவிடச் செண்பகவல்லிதான் அதிகம் வந்தாள். வில்லன் வாயைத் திறந்தால் கீரைத்தண்டை ஒடித்து எறிவாள். பக்க ஓரத்துக் கூந்தல் தைல விளம்பரத்தையும் விடமாட்டாள்.

"'அதை முதல்ல படிங்க, உங்க மண்டைக்குத்தான் எழுதியிருக்கான்'ம்பா."

குரு சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்:

"பூங்காவனம் திரும்பி வருவாளா?"

"அதுலதான் பந்தயம். வரமாட்டான்னேன் நான். வந்தே தீருவான்னா அவ. தோத்தவங்க காலைக் காபி போடணும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அவதான் போட்டுக்கிட்டிருந்தா."

"இப்போ படிங்க."

தில்லைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். தைல விளம்பரம் வந்தது. அதையும் படித்தார். கடைசிப் பக்கத்தில் ஓடம் கரை தட்டியது. பூங்காவனம் இறங்கி, அப்பாவின் வீட்டுப் பக்கம் நடந்தாள். கீழே 'முற்றும்' என்றிருந்ததை அவர் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"அவதான் ஜெயிச்சா, சாமி. சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை."

குரு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். பால் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அவங்களுக்குக் காபி எப்படி இருக்கணும்?"

"டிகாக்‌ஷன் தூக்கலா. சர்க்கரை கம்மியா."

"அப்படியே போடுங்க. தோத்தது நீங்கதானே?"